எட்டுக்குக் கீழே எட்டு

வள்ளித்தாய் சித்தி பாலில் தண்ணீர் ஊற்றவில்லை. அவள் வீட்டுக்காரர் மாடன் சித்தப்பாவும் ஊற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. சொன்ன ஆளும் நான் ஒருத்திதான். ஊற்றியதாகச் சொன்னதும், யோசித்துப் பார்த்தால், நான்தான். அதனால் எழுதும்போது எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோபம் என் மேல்தான்.

சித்தி எனக்குச் சொந்தம் இல்லை, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். இலஞ்சியைத் தாண்டிக் குற்றாலம் போகிற பாதையில், வயலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. சித்திக்கு ஐம்பத்திரண்டு வயது. நடுகைக்குப் போவாள், களையெடுக்கப் போவாள், மிச்ச நேரமெல்லாம் மாடு. செவலை என்று ஒரே ஒரு பசு. பிள்ளை கிடையாது. அவளும் சித்தப்பாவும் செவலையும்தான் வீடு.

யாரையும் லேசில் நம்ப மாட்டாள். கடையில் உளுந்து வாங்கினால் தராசுத் தட்டை ஒரு தடவை கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் போடச் சொல்லுவாள். தென்காசி பஸ் என்று கண்டக்டர் சொன்னாலும் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். இப்படிப்பட்டவள் நம்பிய ஒரே பொருள் எங்கள் ஊர்ப் பால் சங்கத்து மிஷின். யார் கையும் படாமல், யார் முகத்தையும் பார்க்காமல் எண் சொல்லுகிறது என்று அவளுக்கு அதன் மேல் தனி மரியாதை.

சித்தப்பா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். காலையில் பால் கேனைச் சைக்கிளில் கட்டிச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறிவிடுவார். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். அந்தக் காலத்தில் ஒரு நாள் பாதிப் பாலை டீக்கடையில் கொடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பிச் சங்கத்துக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு பண்பொழி மலையேறி, முருகன் சன்னதியில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டார். நான்கு வருடம் ஆகிறது, ஒரு சொட்டுத் தொடவில்லை. சித்தியும் அந்தப் பழைய கதையை நான்கு வருடமாக வாயில் எடுக்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

இனி என் பங்கு. நான் முத்துச்செல்வி, தென்காசியில் மாடியில் இரண்டு அறை வைத்துக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். சங்கத்தில் புது மிஷின் வந்தபோது, அதற்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்று செயலாளர் பாண்டிராஜ் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். பட்டாளத்திலிருந்து வந்தவர், நேர்மையான ஆள், ஆனால் கோடு கிழித்தால் கிழித்ததுதான். சின்னக் கப்பில் பாலை வைத்தால் மிஷின் குழாயால் உறிஞ்சி, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு போக மற்ற சத்து எவ்வளவு என்று காட்டும். தண்ணீர் சேர்ந்தால் இரண்டாவது எண் இறங்கிவிடும். அது எட்டுக்குக் குறைந்தால் பால் வேண்டாம். ஒரே மாதத்தில் மூன்று தடவை குறைந்தால் பெயரைப் பலகையில் எழுதிப்போட்டு, மூன்று மாதத்துக்குப் பால் எடுக்க மாட்டார்கள்.

இதில் அண்ணாச்சி ஒரு கழிவு வைத்தார். பாலை அனுப்புகிற குளிரூட்டும் நிலையத்தில் எப்போதும் 0.2 குறைவாகவே காட்டுகிறது, அதனால் நம் மிஷின் காட்டுவதில் 0.2 கழித்துப் பார் என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாவூர்சத்திரத்துக்குக் காய் கொண்டுபோய்ப் பழகிய ஊர் இது. அங்கே சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, சொத்தைக்கு ஒரு கழிவு. பாலுக்கும் கழிவு என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் எழுதினேன். மிஷின் சொல்வதில் 0.2 கழி, மிச்சம் 8.0-க்குக் கீழே இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. இரண்டே வரி. ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற வரி.

சித்திரையில் புரோகிராமைப் போட்டோம். ஆனியில் சாரல் இறங்கியது. சாரல் காலத்தில் மாடு நனைந்த பச்சைப் புல்லாகத் தின்னும், பாலும் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். மற்றவர்கள் தவிடும் புண்ணாக்கும் வைத்துச் சமாளித்தார்கள். செவலைக்கு வரப்புப் புல்தான். மாதம் தொடங்கிப் பத்து நாளைக்குள் சித்தியின் பால் இரண்டு தடவை சிவப்பு. பதினோராம் நாள் அவளே சித்தப்பாவோடு சங்கத்துக்கு வந்தாள். நானும் எங்கள் வீட்டுப் பாலோடு வரிசையில் நின்றேன். மூன்றாம் தடவையும் சிவப்பு விழுந்தது.

சித்தி கேனைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள்.

"கறந்தது நான். கொண்டு வந்தது நீரு. நடுவுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. நான் ஊத்தல."

"மின்னயும் இப்படித்தான சொன்னீரு."

"மின்ன குடிச்சேன், பொய் சொன்னேன். மலையில சத்தியம் பண்ணுனதுக்கு அப்புறம் ஒரு பொய் சொல்லியிருக்கேனா வள்ளி?"

சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி செல்வி, நீ படிச்சவ. நீதான இத எழுதிக் குடுத்தே. மிஷின் பொய் சொல்லுமா?"

வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"மிஷின் பொய் சொல்லாது சித்தி."

சித்தப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மார்க்கெட் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. பலகையில் சித்தியின் பெயரைச் சாக்பீஸால் எழுதிப் பக்கத்தில் 'தண்ணீர் கலந்த பால்' என்று போட்டார்கள். ஐந்தருவிப் பாதையில் ஒரு டீக்கடைக்குப் பாலைத் தூக்கிக்கொண்டு போனாள். சீசன் நேரம், நிற்க இடமில்லாத கூட்டம், பால் எவ்வளவு வந்தாலும் போதாது. ஆனாலும் கடைக்காரர், "சங்கத்துலயே வேண்டாம்னுட்டாகளாமே" என்று கேட்டிருக்கிறார். சித்தி பாலைத் திரும்பத் தூக்கிவந்து செவலையின் கன்றுக்குட்டிக்கே விட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு மத்தியானம் என் சென்டருக்கு மாடியேறி வந்தாள். வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். அதைப் பார்க்காமல் முந்தானை முடிச்சிலிருந்து மூன்று ரசீதுகளை எடுத்து என் மேஜையில் வைத்தாள். சங்கத்து மிஷின் அடித்துக் கொடுத்த சீட்டுகள்.

"இத நல்லாப் பாரு. முதச் சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"எட்டு."

"ரெண்டாவதுல?"

"எட்டு. மூணாவதுலயும் எட்டுதான்."

"எம்புட்டு இருந்தா எடுப்பாக?"

"எட்டு இருந்தா எடுப்பாக சித்தி."

"அப்பம் எட்டுக்குக் கீழ எட்டு எப்படிட்டி போச்சு?" சித்தி குரலை உயர்த்தவில்லை. "அந்த மனுசன் ஊத்தியிருந்தா ஒரு நாள் ஏழுன்னு வரும், ஒரு நாள் ஏழரைன்னு வரும். மூணு நாளும் மருந்துக்கு ஊத்துன மாதிரி அளந்தா ஊத்துவாரு? ராத்திரி பூரா இதத்தான் யோசிக்கேன். நீ பாத்துச் சொல்லு. அவரு ஊத்தலன்னா நான் போயி கூட்டிட்டு வரணும்."

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மிஷின் 8.2 காட்டியிருக்கிறது, கழிவு 0.2, மிச்சம் எட்டு. என் புரோகிராமில் அந்த மிச்சத்தை அப்படியே, கடைசி இலக்கம் வரை காட்டச் சொன்னேன். திரையில் வந்தது: 7.999999999999999.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னம் என்றால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக வெட்டத்தான் தெரியும். பத்தில் இரண்டு என்பதை அப்படி எவ்வளவு வெட்டினாலும் முடியாது, எப்போதும் ஒரு துணுக்கு மிஞ்சும் அல்லது குறையும். அதனால் நான் 0.2 என்று எழுதியதும், அது தன் வசதிக்குப் பக்கத்தில் இருக்கிற வேறு ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறது. 8.2-க்கும் அப்படியே. எடுத்துக்கொண்டதை என்னிடம் சொல்வதும் இல்லை. திரையில் காட்டும்போது மட்டும் பவ்வியமாக 8.0 என்று மாற்றிக் காட்டுகிறது. உள்ளே எட்டு இல்லை என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே எட்டு என்று சீட்டு அடித்துக் கொடுக்கிறது.

8.3 காட்டியிருந்தால் தப்பித்திருப்பாள். 8.1 காட்டியிருந்தால் உண்மையிலேயே குறைவு, சண்டை இல்லை. மூன்று தடவையும் சரியாகக் கோட்டின் மேல் நின்ற பால் ஊரிலேயே செவலையுடையதுதான். வேறு சிலருக்கும் ஒரு நாள் இரண்டு நாள் இப்படிச் சிவப்பு விழுந்திருக்கிறது. மறுநாள் பச்சை வந்ததும் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அந்த வாரம் பாண்டிராஜ் அண்ணாச்சியின் தங்கை மகன் புவனேஷ் பெங்களூரிலிருந்து நண்பர்களோடு குளிக்க வந்திருந்தான். என்னிடம் முதன்முதலாகக் கீபோர்டு தொட்ட பையன், இப்போது பெரிய கம்பெனியில் வேலை. ஐந்தருவியில் தலை துவட்டிக்கொண்டு நின்றவனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"அக்கா, இது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்லா. பாயிண்ட் வச்ச நம்பர அப்படியே கம்பேர் பண்ணக் கூடாதுக்கா. முத வருஷத்துலயே சொல்லிருவாங்க."

"உலகத்துக்கே தெரியும்னா அத ஏம்லே சரி பண்ணாம வச்சிருக்காக?"

"ஸ்பீடுக்கா. ராக்கெட் விடுதவன், வெதர் பாக்குதவன் எல்லாத்துக்கும் இது போதும். ஒரு துணுக்கு வித்தியாசம் அவங்களுக்குப் பெருசில்ல."

"இங்கன என்ன ராக்கெட்டா விடுதோம்? வேகம் வேணுங்கவன் எண்ணுக்குப் பின்னால ஒரு எழுத்தச் சேத்து, எனக்கு உத்தேசமாப் போதும்னு எழுதிக்கிடட்டும். சும்மா 0.2ன்னு எழுதுதவளுக்குப் பத்துல ரெண்டுதாம்லே வேணும். எழுதுனத எழுதுனபடி எடுக்கதுக்கு என்ன கேடு?"

"எல்லாரும் பழகிட்டாங்கக்கா. இப்ப மாத்துனா பழைய புரோகிராம் எல்லாம் உடையும்."

"இங்கன ஒரு குடும்பம் உடைஞ்சிருக்கு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். தசமம் என்று தனியாக ஒரு எண் வகை இருக்கிறது, அதைப் போட்டால் பத்தில் இரண்டு பத்தில் இரண்டாகவே இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தான். சென்டருக்கு ஓடிவந்து போட்டேன். மறுபடி சிவப்பு. அவனுக்கு போன் அடித்தேன். "எண்ண நேராக் குடுத்தீங்களாக்கா? அப்படிக் குடுத்தா அது உள்ள போகும்போதே கெட்டுப்போயித்தான் போகும். மேற்கோள் குறிக்குள்ள போட்டு, எழுத்து மாதிரிக் குடுக்கணும்" என்றான். போட்டேன். பச்சை வந்தது.

எண்ணை எண் என்று கொடுத்தால் கெடுத்துவிடுமாம். இது எண்ணே இல்லை, வெறும் எழுத்து என்று பொய் சொல்லிக் கொடுத்தால் ஒழுங்காக எடுத்துக்கொள்ளுமாம். இப்படி ஒரு மொழியை உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியவர்கள் என்னைவிடப் பல மடங்கு படித்தவர்கள். அவர்களில் ஒருவர் கையில் அகப்பட்டால் ஒரு வாய் திட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பேன். ஆனால் அந்த இரண்டு வரியை எழுதியதும், எட்டு என்று கொடுத்துச் சோதித்துப் பார்க்காமல் சங்கத்தில் போட்டதும், முப்பது பேருக்கு முன்னால் வாயைத் திறந்ததும் அவர்கள் இல்லை.

பாண்டிராஜ் அண்ணாச்சியிடம் போனேன். அவருக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. புரிந்த பிறகு வேறு பிரச்சினை வந்தது.

"சரி, புரோகிராம மாத்திரு. பலகையில பேர அழிச்சிருதேன். நாளையிலருந்து பால் ஊத்தட்டும்."

"தப்பு நம்ம மேலன்னு எழுதிப் போடணும் அண்ணாச்சி."

"அது எப்படி எழுத? இந்த ரெண்டு மாசத்துல செவப்பு விழுந்தவன் எல்லாம் வந்து நிப்பான். நெசமாவே தண்ணி ஊத்துனவனும் வந்து நிப்பான். எல்லாத்தையும் பச்சைன்னு சொல்ல முடியுமா?"

"அவ புருசன் வீட்ட விட்டுப் போயிட்டாரு அண்ணாச்சி."

"அதுக்குச் சங்கம் என்னம்மா செய்யும்? நாங்க பால வேண்டாம்னோம். புருசன வேண்டாம்னு அவதான சொன்னா."

மறுநாள் பலகையில் சித்தியின் பெயர் இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் இருந்தது. அதற்குக் கீழே 'மென்பொருள் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், சித்தியும் கேனோடு நின்ற பால் வரிசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு மிஷினில் இல்லை, நான் எழுதியதில். சித்தி பாலில் தண்ணீர் இல்லை. சித்தப்பா ஊற்றவில்லை. நான் சொன்னதுதான் பொய்.

நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. யாரும் சித்தியின் கையைப் பிடிக்கவில்லை. ஏசுவடியான் அண்ணாச்சி தன் சீட்டை எடுத்து, "அப்பம் என் பாலுக்கும் தப்பாத்தான் காட்டிச்சோ?" என்று கேட்டார். உடனே வரிசையே ஆளுக்கொரு சீட்டை எடுத்தது. போன மாதம் ஏழரை வந்த ஒருவர் தன் பெயரையும் அழித்திருக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். பாண்டிராஜ் அண்ணாச்சி, நான் சொல்லவில்லையா என்பது போல என்னைப் பார்த்தார். பேராச்சி என்பவள் மட்டும் சித்தியிடம், "போட்டும் விடு, இனிமே ஊத்தலாம்லா" என்றாள். சித்தி கேனை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"செல்வி, வா. பாவூர்சத்திரம் போயிட்டு வருவோம். என்னயவிட நீ சொன்னாத்தான் அவருக்கு விளங்கும்."

கண்டக்டர் சொன்னதும் சித்தி பஸ்ஸில் ஏறிவிட்டாள், டிரைவரிடம் கேட்கவில்லை. மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கேரளா போகிற டெம்போக்களில் தக்காளிக் கூடையும் முருங்கைக் கட்டும் ஏறிக்கொண்டிருந்தன. சித்தப்பா சின்ன வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. குடித்த முகம் இல்லை, அதை நான் முதலில் பார்த்தேன். சித்தியும் அதைத்தான் பார்த்திருப்பாள்.

எங்களைக் கண்டதும் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் சொன்னேன். அரை, கால், அரைக்கால் என்று தொடங்கி, எட்டு எப்படி எட்டுக்குக் கீழே போனது என்பது வரை விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். அவருக்குச் சுலபமாகவே புரிந்தது, அண்ணாச்சியைவிடச் சீக்கிரம்.

"மிஷின் தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கம்ப்யூட்டர்லதான் சித்தப்பா. கடைசி வரைக்கும் காட்டச் சொல்லிப் பாத்தேன். காட்டிருச்சு."

"ம்." துண்டை உதறி மறுபடி தலையில் சும்மாடாகச் சுற்றினார். சித்தியைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார். "அன்னைக்கு மிஷின் சொல்லிச்சு, நான் ஊத்துனேன்னு. நம்புனா. இன்னைக்கு மிஷின் சொல்லுது, நான் ஊத்தலன்னு. நம்பி வந்திருக்கா. நடுவுல நான் ஒருத்தன் சொன்னேம்லா தாயி, நான் ஊத்தலன்னு. அத யாரு எடுத்தா?"

மடக்கியிருந்த விரல்களை விரித்துக் கையைக் கீழே போட்டேன்.

"சீட்டப் பாத்துட்டு மிஷின் மேல நானேதான் முதல்ல சந்தேகப்பட்டேன்" என்றாள் சித்தி. "இவகிட்டக் கேட்டுப் பாரும். நான்தான் கொண்டுபோயிக் குடுத்தேன்."

"சீட்டப் பாத்தே" என்றார் சித்தப்பா. "சரிதான்."

டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். சித்தப்பா அடுத்த மூட்டைக்குப் போனார். மூட்டையை ஒருவர் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் குனிந்து தலையில் வாங்க வேண்டும். அவரோடு வேலை செய்கிற மாரி அந்த நேரம் டெம்போவின் மேலே நின்று மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சித்தி போய் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள், களத்தில் நெல் மூட்டை தூக்கிக் கொடுத்துப் பழகிய கை. அவர் குனிவதற்காக நின்றாள். சித்தப்பா அவளையும் மூட்டையையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றபடியே டெம்போவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏலே மாரி, கீழ எறங்கு. ஒரு கை பிடி."